எடைப் பயிற்சியில் கலோரிக் கணக்கு

எடைப் பயிற்சியில் உடல் செலவிடும் ஆற்றலைக் கணிக்கப் பெரும்பாலும் பயன்படும் அலகு 'மெட்'. ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. அதுவே 1 மெட். 1993-இல் முதன்முதலாக வெளியான உடலுழைப்புத் தொகுப்பு ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மதிப்பு தருகிறது. அதன் 2011 பதிப்பில் சாதாரண எடைப் பயிற்சிக்கு 3.5, கடும் பயிற்சிக்கு 6.

70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் சாதாரணமாகப் பயிற்சி செய்தால் 70 × 3.5 = 245 கலோரி. இதில் 70 கலோரி சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும். பலரும் கழிக்க மறப்பது இதைத்தான். பயிற்சியால் கூடுதலாக எரிந்தது 175 மட்டுமே.

தூக்கும் வேலையை மட்டும் கணக்கிட்டால் வியப்பே மிஞ்சும். 100 கிலோவை அரை மீட்டர் உயரத்துக்குப் பத்து முறை தூக்குவது இயற்பியல்படி 1.2 கலோரி வேலைதான். தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையே வேலையாக்குகின்றன என்பதால் உடலுக்குச் செலவு ஐந்து கலோரி அளவில் இருக்கும். எடையை இறக்குவதற்கும், நிலைகுலையாமல் நிற்பதற்கும் ஆகும் செலவு தனி.

கைக்கடிகாரக் கருவிகள் இதயத் துடிப்பை வைத்துக் கணிக்கின்றன. மூச்சைப் பிடித்துக் கம்பியை இறுக்கும்போது ஆக்சிஜன் பயன்பாட்டுக்குப் பொருந்தாத அளவு துடிப்பு எகிறுவதால் கணக்கு பிசகுகிறது. நடை, ஓட்டம், சைக்கிள் ஆகியவற்றில் ஏழு கருவிகளைச் சோதித்த 2017 ஸ்டான்ஃபோர்டு ஆய்விலேயே, மிகத் துல்லியமான கருவி சராசரியாக 27 சதவீதம் பிழை காட்டியது. கருவி காட்டும் எண்ணை நம்பி உணவைக் கூட்ட வேண்டாம்.