செங்கற்பட்டுத் தீர்மானங்கள் காட்டும் வழி

மாந்தரைப் பிணிக்கும் தளைகள் தனித்தனியே வருவதில்லை. தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த பெண், சாதிச் சுமையையும் பெண் என்னும் சுமையையும் ஒருங்கே சுமக்கின்றாள். சாதியொழிப்பை மட்டும் பேசும் சங்கம் அவள் துயரில் ஒரு பாதியையே காணும். பெண்ணுரிமையை மட்டும் பேசும் சங்கம் மறுபாதியையே காணும். இவ்வாறு பின்னிக் கிடக்கும் ஒடுக்குமுறைகளைக் குறிக்க, அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989ஆம் ஆண்டில் ஒரு கலைச்சொல்லை வழங்கினார். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, அவ்வுண்மையைத் தமிழகத்தில் ஓர் இயக்கம் செயலிற் கண்டது.

1929 பிப்ரவரி 17, 18ஆம் நாள்களில் செங்கற்பட்டில் முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடிற்று. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை வகித்தார். சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு வேண்டிய அம்மாநாடே பெண்களுக்குச் சொத்துரிமை, மணவிலக்குரிமை, கைம்பெண் மறுமணம் ஆகியவற்றையும் வலியுறுத்தியது. தொடக்கப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியராக அமர்த்த வேண்டும் என்றும் கூறியது. காரணம் தெளிவு. சாதி நிலைப்பது அகமணத்தால். அகமணம் நிலைப்பது துணையைத் தேரும் உரிமையைப் பெண்ணுக்கு மறுப்பதால்.

தீர்மானங்கள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஈ.வெ.ரா. 1927இலேயே தம் சாதிப் பட்டத்தை நீக்கியிருந்தார். புரோகிதரற்ற சுயமரியாதைத் திருமணங்கள் பரவின. 1931இல் விருதுநகர் மாநாட்டை ஒட்டிப் பெண்கள் மாநாடும் நடைபெற்றது. தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாம் கண்ட கொடுமையைத் தாமே மேடையேறி எடுத்துரைத்தார். தேவதாசி முறை 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் ஒழிந்தது.

அவ்வலை கடல் கடந்தும் வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, கோ. சாரங்கபாணி அதன் முன்னணித் தொண்டரானார்.

எனினும், சுயமரியாதைத் திருமணம் சட்ட ஏற்புப் பெற 1967 வரையிலும், தமிழ்நாட்டில் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு கிடைக்க 1989 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது. தீர்மானம் ஒரு நாளில் நிறைவேறும். அது வாழ்க்கையாக மாறத் தலைமுறைகள் வேண்டும்.

சங்கம் நடத்துவோர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? இரு சுமை தாங்குவோரை ஒருமுகமாய் நோக்குக. தலைவர் தம்மிடமிருந்தே மாற்றத்தைத் தொடங்குக. துன்புற்றோர்க்கே மேடையும் பொறுப்பும் தருக. தோட்டத் தொழிலாளியின் மகள் நம் செயற்குழுவில் அமர்ந்து வாய் திறக்க இடமுண்டா என்பதை ஒவ்வொரு சங்கமும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். அக்கேள்விக்கு விடை தரும் தலைமுறையை உருவாக்குவது ஆசிரியர்தம் கடமையாகும்.