செஞ்சி மலையிலிருந்து உலக வரலாறு

உயர்நிலைப் பள்ளியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ பயிலும் பிள்ளைக்கு, உலக வரலாற்றில் ஒரு தலைப்பை ஆராய்ந்து வகுப்பில் எடுத்துரைக்க வேண்டும் என்று ஒரு செயல்திட்டம் தரப்படுகிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் இல்லங்களில் அடுத்து நடப்பது நாம் அறிந்ததே. கைப்பேசியில் ரோமாபுரியின் படங்கள் தேடப்படும். ஜெராக்ஸ் கடையில் வண்ண அச்சு எடுக்கப்படும். இரவு பத்து மணிக்குச் சார்ட் அட்டையில் தாயார் ஒட்டிக்கொண்டிருப்பார். மதிப்பெண் வந்துவிடும். ஆயினும் உலக வரலாறு என்பது எங்கோ தொலைவில், யாருக்கோ நிகழ்ந்தது என்ற எண்ணம் அந்தப் பிள்ளையின் மனத்தில் மேலும் ஒரு சுற்று இறுகிவிடும்.

அந்த எண்ணம் பிழையானது. திண்டிவனத்திலிருந்து மேற்கே பேருந்து ஏறினால் செஞ்சி. வடக்கே சென்றால் வந்தவாசி. தெற்கே சென்றால் புதுச்சேரி. மூன்றுமே 40 கிலோமீட்டருக்கு உட்பட்டவை. ஐரோப்பியப் பேரரசுகளின் தலைவிதி ஒரு காலத்தில் இந்த மூன்று ஊர்களுக்கு நடுவில் தீர்மானிக்கப்பட்டது. ஆகவே நம் பிள்ளைகள் ஆராய்வதற்கு ஒரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறேன்: செஞ்சிக் கோட்டையில் கொடி மாறிய ஒவ்வொரு முறையும் உலகில் வேறெங்கே என்ன நடந்துகொண்டிருந்தது?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து எழுந்தது செஞ்சிக் கோட்டை. செஞ்சி நாயக்கர்களிடமிருந்து 1649-இல் அதைக் கைப்பற்றிய பீஜப்பூர் சுல்தானியம் அதற்குப் பாதுஷாபாத் என்று பெயரிட்டது. அந்தச் சுல்தானியத்தின் ஆளுநராக வாலிகண்டபுரத்தில் இருந்த ஷேர்கான் லோடிதான், 1673-இல் பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரியில் இடமளித்தவர். பிரான்ஸில் 14-ஆம் லூயி ஆண்டுகொண்டிருந்த காலம் அது. நம் கடற்கரையில் பிரான்ஸ் காலூன்றியது ஒரு முஸ்லிம் ஆளுநரின் கையெழுத்தால்தான்.

1677-இல் செஞ்சி சிவாஜியின் வசமாயிற்று. அவருடைய மகன் ராஜாராம் 1689-இல் இங்கே வந்து சேர, மராட்டிய அரசின் இருப்பிடமே செஞ்சியாயிற்று. அவுரங்கசீப்பின் தளபதி ஸுல்ஃபிகார் கான் 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிவுற்றது. ராஜாராம் அதற்குள் தப்பிச் சென்றுவிட்டார். கோட்டை நுஸ்ரத்கட் என்று பெயர் மாறிற்று.

அந்த எட்டு ஆண்டுகளில் செஞ்சிக்கு வெளியே நிகழ்ந்தவற்றையும் பாருங்கள். 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதுவே செயின்ட் டேவிட் கோட்டை. 1693-இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார்கள். ஐரோப்பாவில் நிகழ்ந்துகொண்டிருந்த ஒன்பதாண்டுப் போரின் எதிரொலி அது. 1697-இல் ஹாலந்து நாட்டின் ரிஸ்விக்கில் கையெழுத்தான உடன்படிக்கையின்படியே ஊர் மீண்டும் பிரான்ஸுக்குக் கிடைத்தது. புதுச்சேரி யாருக்கு உரியது என்பதைப் புதுச்சேரியைக் கண்ணால் காணாதவர்கள் முடிவு செய்தார்கள். உலக வரலாறு என்பதன் பொருளை இதைவிட எளிதாக ஒரு வகுப்பறையில் விளக்க இயலுமா?

அடுத்து வருவதுதான் நம் பிள்ளைகள் வகுப்பில் எழுந்து நின்று பேசும்போது மிகுந்த கவனத்தைக் கோரும் பகுதி. அது தேசிங்கு ராஜனின் கதை.

தெருக்கூத்தும் கதைப்பாடலும் வளர்த்த கதை இது. செஞ்சியை ஆண்ட இளைஞன் ஆற்காட்டு நவாபை எதிர்த்துப் போரிட்டு மாண்டான் என்பதை ஊரே அறியும். இதைக் கேட்கும் ஒரு முஸ்லிம் பிள்ளை, தான் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன் என்று யாரோ கேட்பதுபோல் மனத்துக்குள் குறுகிப் போவதுண்டு. வீட்டில் பெரியவர்கள் அதற்கு இரண்டு வகையாக மறுமொழி சொல்கிறார்கள். சிலர், இதெல்லாம் நமக்கு வேண்டாம், வேறு தலைப்பு எடுத்துக்கொள் என்கிறார்கள். சிலர், நவாப் நம்மவர், அவர் செய்தது சரியே என்கிறார்கள். இரண்டும் வரலாறு ஆகா.

சான்றுகள் சொல்வதைக் கேட்போம். தேசிங்கு என்று நாம் அழைக்கும் தேஜ் சிங், புந்தேல ராஜபுத்திரர். அவருடைய தந்தை சொரூப் சிங், முகலாயர் நியமித்த செஞ்சிக் கோட்டைத் தலைவர். தந்தை 1714-இல் மறைந்தபின், திறைப் பாக்கியும், தந்தையின் பதவியை மகன் ஏற்பதற்குப் புதிய அரசாணை வேண்டுமா என்ற வழக்குமே நவாப் சாதத்துல்லா கானுடன் மோதலை மூட்டின. 1714 அக்டோபரில் நடந்த போரில் தேஜ் சிங் வீழ்ந்தார். அவருடைய உயிர்த்தோழனாக நின்று, அதே போரில் உயிர் நீத்தவர் மஹபத் கான் என்று ஊர் மரபு நினைவு வைத்திருக்கிறது. இந்து மன்னனுக்காக ஒரு முஸ்லிம் வீரன். முகலாயப் பேரரசுக்குத் தளபதியாக ஒரு ராஜபுத்திரத் தந்தை. முன்பு செஞ்சியை முற்றுகையிட்ட அவுரங்கசீப்பின் படையிலும் தல்பத் ராவ் புந்தேலா என்ற ராஜபுத்திரத் தளபதி இருந்தார். அவரிடம் பணியாற்றிய பீம்சேன் என்ற இந்து, அந்தக் காலத்துச் செய்திகளைப் பாரசீக மொழியில் நூலாக எழுதிவைத்தார். அன்றைய படைகள் சமயத்தால் பிரிந்து நிற்கவில்லை. வரியும் பதவியும் விசுவாசமும் நட்புமே அவற்றைப் பிரித்தன, சேர்த்தன.

எனினும் ஓர் எச்சரிக்கை. மஹபத் கானின் கதை நமக்கு இனிக்கிறது என்பதற்காக, மணவறையிலிருந்தே எழுந்து போருக்கு ஓடிவந்தார் என்று கதைப்பாடல் சொல்வதையும் சான்று என்று எழுதிவிடக் கூடாது. இது பாடல் மரபு என்று எழுத வேண்டும். தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா அல்ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம் நமக்குப் பணிக்கிறது. நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியான சாட்சியம் சொல்லும்படி சூரா அந்நிஸாவின் 135-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. வரலாறு எழுதுவதும் சாட்சியம் சொல்வதே. ஹதீஸ் துறையில் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த இமாம்களின் வழிவந்த சமூகம், பள்ளிச் செயல்திட்டத்தில் மட்டும் கேட்டதையெல்லாம் எழுதலாமா?

துனிஸ் நகரில் 1332-இல் பிறந்த இப்னு கல்தூன் இதற்கு ஒரு நல்ல அளவுகோலைத் தந்தார். 1377-இல் எழுதிய முகத்திமாவில், மூஸா நபியின் படை 6 லட்சம் பேர் என்று முன்னோர் எழுதியதை அவர் அப்படியே ஏற்கவில்லை. அத்தனை பேரை ஒரு களத்தில் நிறுத்த முடியுமா, சில தலைமுறைகளில் ஒரு குலம் அந்த அளவு பெருகுமா என்று வினவினார். செய்தியைச் சொன்னவர் யார் என்பதோடு, செய்தி நிகழக்கூடியதா என்பதையும் பார் என்பதே அவருடைய பாடம். கதைப்பாடலில் வரும் படை எண்ணிக்கைகளை நம் பிள்ளைகள் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருவோம். ஆற்காட்டு அரியணைக்காக முஸ்லிம் பிரபுக்கள் தமக்குள் மோதிக்கொண்டபோது, சந்தா சாஹிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் முஹம்மது அலிக்கு ஆங்கிலேயரும் துணை நின்றார்கள். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓர் இரவுத் தாக்குதலில் செஞ்சியைப் பிடித்தார். 1756-இல் ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் மூண்டது. வட அமெரிக்காவில் கனடாவுக்காக நடந்த அதே போர், 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் நடந்தது. அயர் கூட் வென்றார், லாலி தோற்றார். 1761 ஜனவரியில் புதுச்சேரியும் ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. லாலி 1766-இல் பாரிஸில் தலை வெட்டப்பட்டு மாண்டார். வென்ற பக்கத்தில் இருந்த நவாப் முஹம்மது அலி கடனில் மூழ்கினார். 1801-இல் கர்நாடக ஆட்சியே கம்பெனியிடம் போயிற்று. அந்நியரைத் துணைக்கு அழைத்த சகோதரச் சண்டையில் இரு தரப்பும் தோற்றதை நம் பிள்ளைகள் மறைக்காமல் எழுத வேண்டும்.

இத்தனைக்கும் அயல்நாட்டு நூலகம் தேவையில்லை. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழிலேயே எழுதிய நாட்குறிப்பு அச்சில் இருக்கிறது. கோட்டைக்குள் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் மஹபத் கான் பள்ளிவாசலும் வேங்கடரமணர் கோயிலும் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து பெயர்த்துச் சென்ற தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ நிற்கின்றன. 2025-இல் யுனெஸ்கோ மராட்டியப் போர்த்தளங்களாக அறிவித்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டிலுள்ள ஒரே கோட்டை செஞ்சிதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு விடுமுறை நாளில் பிள்ளையைச் செஞ்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்திகள் பிரித்துக் கொடுங்கள்: கண்ணால் கண்டது, அக்காலத்தவர் எழுதியது, பின்னாளில் மக்கள் பாடியது. திரும்பும்போது மூன்றிலும் ஏதேனும் எழுதப்பட்டிருந்தால் செயல்திட்டத்தில் பாதி முடிந்தது. வகுப்பில் பேசும்போது, எந்தச் செய்தி எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுப் பேசச் சொல்லுங்கள். அப்படிப் பேசும் பிள்ளை, நீ எந்தப் பக்கம் என்று யார் கேட்டாலும் தலை குனிய வேண்டியதில்லை. நான் சாட்சியின் பக்கம் என்று நிமிர்ந்து சொல்லலாம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.