வெக்கை நோயை வென்ற வரலாறு

தடுப்பு மருந்தொன்று தீங்கற்றதாயும் பயன்தருவதாயும் இருத்தல் போதுமா? மாட்டு வெக்கை நோயின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

1880களின் இறுதியில் வடகிழக்கு ஆபிரிக்காவிற் புகுந்த இந்நோய், பத்தாண்டுகளுள் தென்முனைவரை பரவி மந்தைகளின் பெரும்பகுதியை அழித்தது. உழவெருதுகளை இழந்த எதியோப்பியாவில் 1888 முதல் 1892 வரை கொடும் பஞ்சம் நிலவிற்று.

1920களில் இந்தியாவின் முக்தேசுவரில் எட்வர்ட்ஸ் என்பார், ஆடுகளிற் செலுத்தி வலுக்குறைத்த வைரசைத் தடுப்பு மருந்தாக்கினார். அது பெரும்பயன் தந்ததாயினும், சிலவின மாடுகளில் நோயையே விளைவித்தது. கென்யாவின் முகுகா ஆய்வுகூடத்தில் வால்டர் பிளோரைட்டும் குழுவினரும், கன்றின் சிறுநீரகக் கலங்களில் வைரசை ஏறத்தாழ 90 தடவை வளர்த்து, 1960 அளவில் அக்குறையை நீக்கினர். எல்லாவின மாடுகளுக்கும் ஏற்ற அம்மருந்து நீடித்த பாதுகாப்பையும் அளித்தது.

ஆயினும் நோய் ஒழியவில்லை. 1962 முதல் 1976 வரை ஆபிரிக்க நாடுகள் கூட்டாக ஊசியேற்றியதால் அருகிய நோய், ஊசியேற்றல் தளர்ந்ததும் 1980களில் மீண்டும் பரவிற்று. குளிரிற் பேணவேண்டிய மருந்து தொலைவிலுள்ள மேய்ச்சல் நிலங்களை அடைதல் அரிதாயிற்று. 1990 அளவில் வெப்பந்தாங்கும் மருந்து உருவானபின், மேய்ப்பர் சமூகத்தவரே பயிற்சிபெற்று ஊசியேற்றினர். 2011இல் இந்நோய் உலகினின்றும் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

ஆய்வுகூடத்தில் நிறைவுபெற்ற மருந்து, கடைக்கோடி மேய்ப்பனின் கைக்கு எட்டிய பின்னரே வெற்றி கைகூடிற்று என்பதை நாம் மறத்தலாகாது.