இரவைக் கொடுக்கும் ஊர்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், கண்ணமங்கலத்தை அடுத்திருக்கும் படவேடு ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகர். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணனின் படையெடுப்பில் அந்த அரசு வீழ்ந்தது. கோட்டையும் கொத்தளமும் போய், இன்று ஊருக்குப் பெயர் தருபவை கோயில்கள்தான். ஆடி வெள்ளிகளில் கூட்டம் நெரியும் ரேணுகாம்பாள் கோயில் அவற்றில் தலையாயது. தந்தை சொன்ன சொல்லுக்காகத் தாய் ரேணுகையின் தலையைத் துணித்த பரசுராமன் கதை இந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏதென்ஸில் கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் மேடையேற்றிய ஓரெஸ்டியா முத்தொடரிலும் இதே முடிச்சு கிடக்கிறது. வெட்டுண்ட தந்தைக்காக மகன் தாயைக் கொல்கிறான். அந்தப் பழி அவனை ஊர் ஊராக விரட்டுகிறது. தீர்ப்புச் சொல்ல யாருக்கு உரிமை என்பதில் நாடகம் போய் நிற்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் படவேட்டுக்காரர் யாருக்கும் முன்னுரை வேண்டியதில்லை. ஆனாலும், ஐரோப்பியச் செவ்வியல் நாடகங்களைத் தமிழில் நடிக்கும் முயற்சி நூறாண்டுக்கு மேலாக நடந்துவந்தும், அவை பெருநகர அரங்குகளைத் தாண்டி இத்தகைய ஊர்களில் குடியேறவில்லை. மொழிபெயர்ப்பு ஒட்டவில்லை, பெயர்கள் வாயில் நுழையவில்லை, கதை நம்முடையதாக இல்லை என்று காரணம் சொல்வது வழக்கம். வரலாறு காட்டும் காரணம் வேறு. ஒரு நாடகத்துக்கென்று தன் நாட்காட்டியில் ஓர் இரவை ஒதுக்கி, செலவை ஏற்று, ஆடுபவர்களை அழைத்து உட்காரவைக்கும் ஒரு கூட்டம் இருந்தால் அது அந்த மண்ணில் தங்கும். இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக மொழிபெயர்த்தாலும் வந்த வழியே போய்விடும்.

இதைக் கூத்தின் நடைமுறையே சொல்லிக்கொடுக்கிறது. பழைய வடஆர்க்காட்டுப் பகுதியில், அதாவது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு, ஆரணி, போளூர்ப் பக்கங்களில், திரௌபதி அம்மன் கோயில் விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு என்று வரிசையாக நடந்து, பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளமும் அதன்பின் தீமிதியும் வரும். எந்த இரவில் எதை ஆடுவது என்பதை ஜமா எனப்படும் கூத்துக் குழு தன் விருப்பத்துக்குத் தீர்மானிப்பதில்லை. ஊர்ப் பெரியவர்களும் அந்த இரவின் உபயதாரரும் கேட்பதை ஆடுகிறார்கள். விழாவுக்கு வெளியிலும் அப்படித்தான். துக்கம் நடந்த வீட்டின் கருமாதி இரவில் கர்ண மோட்சம் ஆடச் சொல்வார்கள். மழை பொய்த்தால் விராட பர்வம். தபசு மரத்தின் உச்சியிலிருந்து அர்ச்சுனன் எறியும் எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். கதை அழகானது என்பதால் மட்டும் எந்தக் கதையும் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவருடைய துக்கமோ வேண்டுதலோ கடனோ இருக்கிறது.

ஐரோப்பிய நாடகம் இதற்கு அந்நியமானது என்று நினைக்கத் தோன்றும். அது பிறந்த இடத்தைப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது. ஏதென்ஸ் நாடகங்கள் டயோனிசஸ் கடவுளின் விழாவில், நகரம் ஒதுக்கிய நாளில் நடந்தன. பாடல்குழுவைப் பயிற்றுவிக்கும் செலவை வசதியுள்ள குடிமகன் ஒருவர் ஏற்க வேண்டும் என்பது விதி. ஈஸ்கிலஸின் பாரசீகர்கள் நாடகம் கி.மு. 472இல் நடந்தபோது அந்தச் செலவை ஏற்றவர், பின்னாளில் ஏதென்ஸின் பெரும் தலைவரான பெரிக்ளீஸ். அவர் செய்ததை நம் ஊரில் உபயம் என்போம். ஆக, நாம் செவ்வியல் என்று மரியாதையோடு அச்சில் படிக்கிற அந்த நாடகங்களும் ஒரு ஊரின் இரவல் இல்லாத சொத்தாகத்தான் பிறந்தன. கடல் கடந்து நம்மிடம் வந்தபோது பிரதி மட்டும் வந்தது. அதை வேண்டி அழைக்கிற ஊர் வரவில்லை.

அப்படி ஓர் ஊர் அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கத்தோலிக்கக் கூத்துகள் சான்று. மன்னார், யாழ்ப்பாணக் கரையோரத் தமிழர்கள் தங்கள் தேவாலய விழாக்களில் என்றிக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசௌந்தரி போன்றவற்றை நாட்டுக்கூத்தாகத் தலைமுறை தலைமுறையாக ஆடியிருக்கிறார்கள். இவற்றில் சிலவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அச்சேற்றினார். கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்படும் ஞானசௌந்தரியின் கதை ஐரோப்பிய இடைக்காலத்தைச் சேர்ந்தது. கேரளக் கடற்கரையின் சவிட்டு நாடகத்திலோ பிரெஞ்சுப் பேரரசன் சார்லமேன் காரல்மானாகி, பன்னிரு வீரர்களோடு மேடையை மிதித்து அதிரவைக்கிறான். சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழரின் பெயரோடு மரபு இணைத்துப் பேசும் அந்த நாடகத்தின் பாட்டும் வசனமும் பெரும்பாலும் தமிழ். சுற்றி உட்கார்ந்து பார்ப்பவர்கள் மலையாளிகள். பல வரிகள் அவர்களுக்குப் புரியாது. ஆனாலும் பல தலைமுறைகளாக அது உயிரோடு இருக்கிறது. மொழிபெயர்ப்பின் தரமே நாடகத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்போர் இந்த ஒரு சான்றுக்காவது பதில் சொல்ல வேண்டும். வாயில் நுழையாத பெயர்களும் காதில் ஒட்டாத மொழியும் அந்த மீனவ ஊர்களைத் தடுக்கவில்லை. அவர்களிடம் பங்குத் திருவிழா இருந்தது, அதில் நாடகத்துக்கு ஓர் இரவு இருந்தது.

சென்னையில் நடந்ததையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபை, ஷேக்ஸ்பியரை அமலாதித்யன், வாணீபுர வணிகன், மகபதி, சிம்மளநாதன் என்று தமிழ் உடுத்தி மேடையேற்றியது. பிரெஞ்சு மோலியேரின் ஸ்காபேனையும் காளப்பனாக்கியது. வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் சந்தா கட்டி உறுப்பினராகி, அவர்களே நடித்து, அவர்களே பார்த்த சபை அது. கூத்தாடி என்ற வசையைத் துடைத்து, படித்தவர்கள் நாடகத்தில் நடிப்பது இழுக்கல்ல என்று காட்டிய பெருமை அதற்கு உண்டு. அந்தத் துணிச்சலை இன்று நினைத்தாலும் மரியாதை கூடுகிறது. ஆனால் அந்த நாடகங்களை வேண்டியவர்கள் ஆங்கிலக் கல்வி பெற்ற ஒரு தலைமுறையினர். ஷேக்ஸ்பியர் அவர்களுக்குக் கல்லூரிப் பாடம். தாம் படித்ததைத் தம் மொழியில் பார்க்கும் ஆசைதான் அந்த மாலைகளை ஒதுக்கித் தந்தது. அந்தத் தலைமுறையின் ரசனை மாறியதும் அமலாதித்யனும் ஓய்ந்துபோனான். சபை அண்ணா சாலையில் மனமகிழ் மன்றமாகத் தொடர்ந்தது.

இதன் மறுமுனையில் நிற்பது புரிசை. படவேடு இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு பக்கத்துக் கிராமம். நடேசத் தம்பிரானும் அவருக்குப் பின் கண்ணப்பத் தம்பிரானும் அந்த மரபின் பெரும் வாத்தியார்கள். 1970களில் புரிசைக் கூத்தைப் பார்த்து அதன் வீச்சுக்கு ஆட்பட்ட நாடகாசிரியர் ந. முத்துசாமி, அதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1977இல் உருவான கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் நடிகர்களுக்குப் பயிற்சி தர கண்ணப்பத் தம்பிரான் வந்தார். அந்த உறவின் காலத்தில்தான் புரிசைக் குழு பெர்டோல்ட் பிரெக்டின் காக்கேசிய நாடகத்தை 'வெள்ளை வட்டம்' என்று ஆடியது. கார்சியா மார்க்கேஸின், பெருஞ்சிறகுகளோடு வந்து விழும் கிழவனின் கதையையும் கூத்தாக்கியது. பிரெக்டைத் தேர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1944இல், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் அகதியாக இருந்தபோது அவர் எழுதிய நாடகம் அது. குழந்தையை வட்டத்தில் நிறுத்தி இரு பெண்களையும் இழுக்கச் சொல்லும் கதை சீனத்து யுவான் காலப் பழைய நாடகம் ஒன்றிலிருந்து ஜெர்மனிக்குப் போனது. அதைவிட முக்கியம், நாடகத்துக்குள்ளேயே ஒரு கூத்து இரவு இருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கு யாருக்குச் சொந்தம் என்று இரண்டு கிராமத்தார் பேசித் தீர்க்கிறார்கள். தீர்த்த கையோடு, அழைத்து வந்த பாடகனை நடுவில் உட்காரவைத்து, ஊர்க்காரர்களே வேடம் கட்டிப் பழங்கதையை ஆடுகிறார்கள். பாடகன் கதையைப் பாடிக்கொண்டே போகிறான், பாத்திரங்கள் பேசாமல் விட்டதை அவனே பாடிச் சொல்கிறான். பின்பாட்டுக்காரர்களும் முகவீணையும் சூழ, விருத்தமும் தருவும் வசனமுமாகக் கதை நடத்தும் ஜமாவுக்கு இதில் கற்க வேண்டிய உத்தி அதிகமில்லை. கலகத்தின் குழப்பத்தில் நீதிபதி நாற்காலியில் ஏறிவிடும் அஸ்டாக், கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் நெருங்கிய உறவினன். புதியது நாயகிதான். கிரீடமும் புஜக்கீர்த்தியும் கட்டிய ராஜாக்கள் தங்கள் பெருமை சொல்லித் திரைக்குள்ளிருந்து வருகிற மேடையில், வேறொருத்தியின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறி ஓடும் குருஷா என்ற சமையல்காரி நடுவில் வந்து நிற்கிறாள்.

இங்கே எழும் மறுப்பு வலுவானது. பிரெக்ட் பார்வையாளன் உணர்ச்சியில் கரைந்துவிடாமல் விலகி நின்று யோசிக்க வேண்டும் என்றவர். கூத்திலோ துகிலுரிதலின்போது திரௌபதி வேடக்காரர் மீதும் பார்ப்பவர் மீதும் அம்மன் இறங்கும், கற்பூரம் காட்டித்தான் அமைதிப்படுத்த வேண்டும். இரண்டையும் ஒன்று என்பது மேலோட்டமான பேச்சு என்பார்கள். பாதி சரி. ஆனால் அதே இரவில் துச்சாதனன் புடவையைத் தொடுவதற்கு முன் கை கூப்பி மன்னிப்புக் கேட்பதும் உண்டு. நான் வேடக்காரன், இந்தப் பாவம் என்னுடையதல்ல என்று ஊரறியச் சொல்கிற செயல் அது. சற்று முன்புவரை கட்டியங்காரன் ஊர் நடப்பைக் கிண்டலடித்துச் சிரிக்கவைத்திருப்பான். கரைதலும் விலகலும் ஒரே இரவில் அடுத்தடுத்து வருவதைக் கூத்து பார்ப்பவர்கள் சிரமமில்லாமல் ஏற்கிறார்கள். எனவே வடிவம் தடையாக இருந்தது என்று சொல்ல முடியாது. வெள்ளை வட்டத்துக்கு இல்லாமல் போனது உபயதாரர். நகரத்து நாடக ஆர்வலர்களும் விழாக் குழுக்களும் அழைத்தபோது அது ஆடப்பட்டது. கருமாதி வீட்டார் அதைக் கேட்கவில்லை, மழைக்காக யாரும் கேட்கவில்லை. ஞானசௌந்தரிக்குக் கிடைத்த இடம் குருஷாவுக்குக் கிடைக்காததன் காரணம் இவ்வளவுதான்.

இலங்கை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. க. பாலேந்திராவும் நண்பர்களும் 1978இல் தொடங்கிய அவைக்காற்று கலைக் கழகம், ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் கடைசி நாடகத்தை 'ஒரு பாலை வீடு' என்றும், பிரெக்டின் குறுநாடகம் ஒன்றை 'யுகதர்மம்' என்றும் தமிழில் மேடையேற்றியது. கணவனை இழந்த தாய் தன் ஐந்து பெண்களையும் துக்கத்தின் பெயரால் வீட்டுக்குள் பூட்டிவைக்கும் லோர்காவின் கதை, சீதனமும் குடும்ப கௌரவமும் பெண்களின் வயதைத் தின்றுகொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்கு அயலூர்க் கதையாக இருந்திருக்க முடியாது. பின்னர் புலம்பெயர்ந்து லண்டனிலும் அந்தக் கழகம் நாடகம் போட்டு வருகிறது. கோயிலும் இல்லை, பங்குத் திருவிழாவும் இல்லை. ஆனால் தாய்மொழியில் ஒன்றுகூடி உட்கார ஒரு மாலை வேண்டும் என்ற ஏக்கம் அகதிச் சமூகத்துக்கு இருந்தது. அந்த ஏக்கமே உபயமாயிற்று.

இந்த வாதத்துக்கு எதிரே வைக்கக்கூடிய மறுப்புகளில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று. ஊர் கொடுக்கும் இரவு எல்லோருக்கும் ஒன்றாகக் கிடைத்த இரவு அல்ல. உபயம் யார் செய்யலாம், எந்தப் பக்கம் யார் உட்காரலாம், ஊர் எங்கே முடிந்து சேரி எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் சாதி வகுத்த கோடுகள். பெண் வேடம்கூட நெடுங்காலம் ஆண்களிடமே இருந்தது. அனுமதிச்சீட்டு வாங்கினால் யாரும் வந்து உட்காரலாம் என்ற நகர அரங்கு, அந்தக் கோணத்தில் ஒரு விடுதலை. பெரிக்ளீஸின் ஏதென்ஸிலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் மேடையில் இடமில்லை என்று ஒப்பிட்டுக் காட்டுவது இதற்கு விடையாகாது. விடை இதே மாவட்டத்தில் வேறிடத்தில் கிடைக்கிறது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தார் 1980களில் திருவண்ணாமலையில் தொடங்கிய கலை இலக்கிய இரவுகள், பாட்டும் பறையும் நாடகமும் பேச்சுமாக விடிய விடிய நடந்து, பின்னர் தமிழகமெங்கும் பரவின. தெருவில் உண்டியல் குலுக்கி, கடை கடையாக நன்கொடை திரட்டி நடத்தப்பட்ட இரவுகள் அவை. கோயில் நாட்காட்டிக்கும் சாதி வரிசைக்கும் வெளியே, ஒரு கொள்கையைச் சுற்றிக் கூடியவர்களாலும் ஊருக்கு ஓர் இரவைக் கொடுக்க முடியும் என்பதை அவை நிரூபித்தன. மண்ணில் கால் மடக்கி உட்கார்ந்து விடியும்வரை பார்க்கும் பழக்கத்தைக் கூத்திடமிருந்து எடுத்துக்கொண்டு, யாருடைய காசு, யாருக்கு இடம் என்பதை மட்டும் மாற்றின.

2016இல் நடந்தது இந்த வரலாற்றைத் திருப்பிப் போட்டுக் காட்டுகிறது. பாரிஸில் அரியான் முனூஷ்கினின் தியாத்ர் து சொலேய் குழு, கண்ணப்பத் தம்பிரானின் மகன் சம்பந்தத் தம்பிரானிடம் கூத்துப் பயின்று, 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகத்தில் துகிலுரிதலையும் கர்ணன் கதையையும் தமிழ்ப் பாட்டோடு ஆடியது. மறு ஆண்டு அது நியூயார்க்குக்கும் போனது. அந்த ஐரோப்பியக் குழுவுக்குத் தமிழ் புரியாது, பார்த்தவர்களுக்கும் புரியாது. 1964 முதல் ஒரே குழுவாக வாழ்ந்து, பழைய தோட்டா ஆலையைத் தன் வீடாக்கி, வருகிறவர்களுக்குச் சாப்பாடும் போட்டு வளர்த்த பார்வையாளர் கூட்டம் அதற்கு இருந்தது. திரௌபதிக்குப் பாரிஸில் இரவு கிடைத்தது அதனால்தான். புரிசையிலும் அத்தகைய ஒன்று முளைத்திருக்கிறது. கண்ணப்பத் தம்பிரான் நினைவாக அவர் குடும்பத்தாரும் மன்றமும் அந்தக் கிராமத்திலேயே நாடக விழா எடுக்கிறார்கள். பரம்பரைக் கூத்தும் வெளியூர்க் குழுக்களின் நவீன நாடகங்களும் அதில் ஒன்றையடுத்து ஒன்றாக நடக்கின்றன. கர்ணனைப் பார்க்க வந்த ஊர்க்காரர்கள் நவீன நாடகத்துக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐரோப்பிய நாடகத்தைத் தமிழில் கொண்டுவர விரும்பும் சிறு குழுக்கள் அடுத்த பிரதியை மொழிபெயர்க்கத் தொடங்குமுன், போளூரிலோ ஆரணியிலோ படவேட்டிலோ ஒரு நூலகத்தையோ பள்ளியின் முன்னாள் மாணவர்களையோ மகளிர் குழுவையோ பார்த்து, வருடத்தில் எந்த இரவை எங்களுக்குத் தருவீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.