அறிவியல் புனைகதைப் பட மறுஆக்கங்களில் அரசியல்

முன்பு வெளியாகிப் பெயர் பெற்ற ஓர் அறிவியல் புனைகதைப் படத்தின் கருவை எடுத்துக்கொண்டு, பின்னொரு காலத்தில் வேறொரு குழு புதிதாக எடுக்கும் படம் மறுஆக்கம் எனப்படும். பேச்சு வழக்கில் ரீமேக். காதல் கதையை மறுபடி எடுப்பவர் உடையையும் பாட்டையும் மாற்றினால் பெரும்பாலும் போதும். வேற்றுக்கிரகவாசி பூமிக்கு வரும் கதையை மறுபடி எடுப்பவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இந்தத் தலைமுறை எதைக் கண்டு அஞ்சுகிறது? அந்தப் பதில்தான் மறுஆக்கத்தின் அரசியல். படத்தில் வரும் சொற்பொழிவுகளில் அதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கதை நடக்கும் ஊர், நாயகனின் தொழில், அவன் உதவி கேட்டு அழைக்கும் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர், கடைசிக் காட்சி ஆகியவற்றில் எது மாறியிருக்கிறது என்று பார்த்தால் அகப்படும்.

இதற்கு மிகச் சிறந்த சான்று, ஒரே நாவலிலிருந்து பிறந்த 4 அமெரிக்கப் படங்கள். ஜாக் ஃபின்னி எழுதிய 'தி பாடி ஸ்னாட்சர்ஸ்' 1954இல் 'காலியர்ஸ்' இதழில் தொடராக வந்தது, 1955இல் நூலானது. விண்வெளியிலிருந்து வந்த விதைகள் ஆளுயர நெற்றுகளாகக் காய்க்கின்றன. மனிதர் தூங்கும்போது நெற்றுக்குள் அவரைப் போலவே ஓர் உருவம் விளைகிறது. விழிப்பவர் பழைய ஆள் அல்லர். முகம், குரல், நினைவு எல்லாம் இருக்கும். அன்பும் கோபமும் இருக்காது. நம் கதைகளில் வரும் கூடு விட்டுக் கூடு பாய்தலில் உயிர் வேறோர் உடலைத் தேடிப் போகும். இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர்: உடல் அப்படியே நிற்கிறது, உயிர் மட்டும் போய்விடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து 'இவர் அவர் இல்லை' என்று சந்தேகப்பட வைக்கும் இந்தக் கருவை எந்த அரசியல் அச்சத்துக்கும் பொருத்திவிடலாம்.

முதல் படம் 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' 1956இல் வெளியானது. இயக்குநர் டான் சீகல், தயாரிப்பாளர் வால்டர் வாங்கர், திரைக்கதை டேனியல் மெயின்வாரிங். சான்டா மீரா என்ற கற்பனையான கலிஃபோர்னியச் சிற்றூர். நாயகன் அந்த ஊர் டாக்டர். கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு பலரை வேட்டையாடிய செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியை 1954 டிசம்பரில்தான் அமெரிக்க செனட் கண்டித்திருந்தது. (நாயகனாக நடித்த கெவின் மெக்கார்த்திக்கும் அவருக்கும் உறவில்லை.) அதனால் படம் இரண்டு விதமாகவும் படிக்கப்பட்டது. உணர்ச்சியற்ற, ஒரே மாதிரியான நெற்று மனிதர்கள் கம்யூனிஸ்டுகள் என்றனர் சிலர். ஊரோடு ஒத்துப்போகாதவனை ஊரே துரத்துவதுதான் மெக்கார்த்தியிசம் என்றனர் வேறு சிலர். படம் எடுத்தவர்கள் இரண்டையும் முழுமையாக ஏற்கவில்லை. தம்மைச் சுற்றி உணர்ச்சி மரத்துப்போய் வாழும் எல்லோருமே நெற்றுகள்தாம் என்பது சீகலின் கருத்து. இரண்டு வாசிப்புக்கும் படத்தில் இடமிருக்கிறது. அது அதன் குறையல்ல, வலிமை.

சீகல் விரும்பிய முடிவு வேறு. நெடுஞ்சாலையில் வண்டிகளுக்கு நடுவே ஓடும் டாக்டர், அடுத்தது நீங்கள்தான் என்று கத்துவதோடு படத்தை முடிக்க நினைத்தார். ஸ்டுடியோ சம்மதிக்கவில்லை. முன்னும் பின்னும் மருத்துவமனைக் காட்சிகள் ஒட்டப்பட்டன. நெற்றுகளை ஏற்றிவந்த லாரி விபத்துக்குள்ளான செய்தி வருகிறது. அதுவரை நம்பாத மருத்துவர் எஃப்.பி.ஐ.யைத் தொடர்புகொள்ளச் சொல்கிறார். அரசுக்குச் செய்தி போய்விட்டால் நாடு பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் இருக்கிறது.

1978இல் பிலிப் காஃப்மன் அதே பெயரில் எடுத்த மறுஆக்கம் அந்த நம்பிக்கையைத்தான் முதலில் உடைக்கிறது. வியட்நாம் போருக்கும் வாட்டர்கேட் அரசியல் ஊழலுக்கும் பிந்தைய அமெரிக்கா அது. ஊர் இப்போது சான் ஃபிரான்சிஸ்கோ. நாயகன் மாத்யூ பென்னெல் (டொனால்ட் சதர்லேண்ட்) பொதுச் சுகாதாரத் துறை ஆய்வாளர், அதாவது அரசாங்கத்தின் ஆள். நெற்றுகளைப் பற்றி எச்சரிக்க அவர் ஒவ்வோர் அலுவலகமாக அழைக்கிறார். ஒரு கட்டத்தில், அவர் பெயரைச் சொல்லாமலே மறுமுனையில் இருப்பவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். 22 ஆண்டுகளுக்கு முன் மீட்பைக் கொண்டுவந்த தொலைபேசி இப்போது காட்டிக்கொடுக்கிறது. அரசு நெற்றுகளின் கைக்குப் போய்விட்டது என்று யாரும் வசனம் பேசுவதில்லை. அந்த ஒரு கணம் போதுமானதாக இருக்கிறது. மறுஆக்கத்தில் அரசியலை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஹாலிவுட்டில் அரிது.

காஃப்மன் இன்னொரு மாற்றமும் செய்தார். முதல் படத்தில் மனநல மருத்துவர் ஊராரின் பயத்தைக் கூட்டு மனப்பிரமை என்று தள்ளிவிடும் துணைப் பாத்திரம். 1978இல் அந்த இடத்துக்கு லெனர்ட் நிமாய் நடித்த டாக்டர் கிப்னர் வருகிறார். சுய உதவி நூல்கள் எழுதிப் புகழ்பெற்றவர்; ஒவ்வொருவரின் கலக்கத்தையும் இதமான குரலில் தணித்து வைப்பவர். 1970களின் கலிஃபோர்னியாவில் செழித்த மன அமைதி வியாபாரத்தின் மீதான கூர்மையான விமர்சனம் அவர்.

படம் 1978 டிசம்பரில் திரைக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதம், நவம்பர் 18 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவைத் தளமாகக் கொண்டிருந்த பீப்பிள்ஸ் டெம்பிள் சபையைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்டோர் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் இறந்தனர். 9 நாள்கள் கழித்து மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் நகர மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கும் நகர மன்றக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தக் கட்டடத்தின் அருகேதான் படத்தின் கடைசிக் காட்சி நடக்கிறது. தப்பிப் பிழைத்த தோழி நம்பிக்கையோடு நெருங்கிவர, மாத்யூ அவளை நோக்கி விரல் நீட்டி மனிதக் குரலல்லாத ஓலம் எழுப்புகிறான். படம் எடுத்தவர்கள் இந்தப் பொருத்தத்தைத் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனால் அந்த நகரத்துப் பார்வையாளர்களுக்கு அந்த இடம் அப்போது வெறும் படப்பிடிப்புத் தளமாக இருந்திருக்காது.

ஏபெல் ஃபெராராவின் 'பாடி ஸ்னாட்சர்ஸ்' 1993இல் கான் விழாவில் போட்டியிட்டது. முதலாம் வளைகுடாப் போர் முடிந்து 2 ஆண்டுகள் ஆகியிருந்தன. கதை ஓர் இராணுவ முகாமுக்குள் புகுந்தது. ஒரே உடை, ஒரே நடை, ஒரே குரல் உள்ள இடத்தில் யார் மனிதர், யார் நெற்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மழலையர் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் ஒரே படத்தை வரைந்து உயர்த்திக் காட்ட, ஒரே ஒரு சிறுவனின் தாள் மட்டும் வேறுபட்டிருக்கும் காட்சி இந்த நான்கு படங்களிலும் மிக நடுங்க வைப்பது.

நான்காவதான 'தி இன்வேஷன்' (2007) தலைநகர் வாஷிங்டனுக்குப் போனது. ஹிட்லரின் இறுதி நாள்களை 'டவுன்ஃபால்' (2004) படத்தில் காட்டிய ஜெர்மானியர் ஆலிவர் ஹிர்ஷ்பீகல் இயக்குநர். இம்முறை நாயகியே மனநல மருத்துவர் (நிக்கோல் கிட்மன்). நோய்க் கட்டுப்பாட்டுத் துறையின் அதிகாரியான அவருடைய முன்னாள் கணவர், காய்ச்சல் தடுப்பூசி என்ற பெயரில் தொற்றைப் பரப்புகிறார். இந்தப் படத்தின் அரசியல், பின்னணியில் ஓடும் தொலைக்காட்சிச் செய்திகளில் இருக்கிறது. மக்கள் மாற மாற உலகில் போர்கள் ஓய்கின்றன. பகை நாடுகள் கைகுலுக்குகின்றன. மனிதர்கள் மீண்டு வந்ததும் போர்ச் செய்திகளும் திரும்புகின்றன. ஈராக் போர் உச்சத்தில் இருந்தபோது, அமைதிக்கு விலை மனிதத்தன்மை என்றால் கொடுக்கலாமா என்று கேட்ட துணிச்சல் பெரிது. கேள்வி முழுதாக மலரவில்லை. ஸ்டுடியோவுக்கு முதல் வடிவம் பிடிக்காமல் போக, திரைப்பட இயக்குநர்களான வச்சோவ்ஸ்கிகள் காட்சிகளைத் திருத்தி எழுதினர். ஜேம்ஸ் மெக்டீக் மறுபடி படமாக்கினார். கார் துரத்தல்கள் கூடின, யோசிக்கும் இடைவெளி குறைந்தது.

கருத்தைக் கதைக்குள் கரைக்காமல் நேரே சொல்ல முயன்ற மறுஆக்கம் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' (2008). மூலப்படத்தை 1951இல் ராபர்ட் வைஸ் இயக்கினார். சோவியத் ஒன்றியம் 1949இல் அணுகுண்டு சோதித்திருந்தது. கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. வேற்றுலகத் தூதன் கிளாட்டு வாஷிங்டனில் இறங்குகிறான். இறங்கியதும் ஒரு சிப்பாயின் துப்பாக்கி அவனைச் சுடுகிறது. கம்யூனிசச் சார்பு என்ற சந்தேகத்துக்கு ஆளாகியிருந்த நடிகர் சாம் ஜாஃபி, கிளாட்டுவின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் விஞ்ஞானியாக நடித்தது அந்த ஆண்டுகளில் சாதாரண முடிவல்ல. தன் வலிமையைக் காட்ட கிளாட்டு உலகின் மின்சாரத்தை அரை மணி நேரம் நிறுத்துகிறான். மருத்துவமனைகளையும் வானில் பறக்கும் விமானங்களையும் மட்டும் விட்டுவைக்கிறான். தூதனின் அறம் அந்த விதிவிலக்கில் தெரிகிறது.

ஸ்காட் டெரிக்சன் இயக்கிய மறுஆக்கத்தில் கிளாட்டு (கியானு ரீவ்ஸ்) பூமியை மனிதரிடமிருந்து காப்பாற்ற வருகிறான். ஐ.நா. காலநிலைக் குழுவும் அல் கோரும் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்ட 2007க்கு அடுத்த ஆண்டு அது; அணுகுண்டின் இடத்துக்குச் சுற்றுச்சூழல் வந்தது இயல்பு. ஆனால் முடிவில் மனித குலம் பிழைப்பதற்கான விலையாக உலகின் இயந்திரங்கள் அனைத்தும் நின்றுபோகின்றன. இம்முறை மருத்துவமனைக்கு விலக்கு உண்டா என்று படம் சொல்வதில்லை. நியூயார்க் பூங்காவில் நிம்மதிப் பெருமூச்சு விடுவோரைக் காட்டும் கேமரா, செயற்கைச் சுவாசத்தில் கிடப்பவரின் பக்கம் திரும்புவதில்லை. யாருடைய உயிரைக் கொடுத்து இயற்கை மீட்கப்படுகிறது என்பதுதான் சுற்றுச்சூழல் அரசியலின் முதல் கேள்வி. அதைக் கேட்காததால் படத்தின் நல்லெண்ணம் மேலோட்டமாக நின்றுவிடுகிறது.

சில நேரங்களில் ஒரு நடிகரைத் தேர்ந்தெடுப்பதே அரசியலாகிவிடும். 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' (1968) பியேர் புல் எழுதிய பிரெஞ்சு நாவலிலிருந்து பிறந்தது. திரைக்கதையாசிரியர்களில் ஒருவரான மைக்கேல் வில்சன் கம்யூனிசச் சந்தேகத்தால் வேலை மறுக்கப்பட்டோரின் ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் தவித்தவர். இலங்கையில் படமாக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்கு அவரும் கார்ல் ஃபோர்மனும் எழுதிய திரைக்கதைக்கான ஆஸ்கர், மூல நாவலாசிரியர் என்பதால் இதே புல்லின் பெயருக்குப் போனது. உரியவர்களின் பெயருக்கு அது 1984இல்தான் வந்து சேர்ந்தது. பேசத் தெரிந்த மனிதனைக் குரங்குகளின் தீர்ப்பாயம் வாயடைத்து விசாரிக்கும் காட்சியில் அந்த அனுபவத்தின் தழும்பு இருக்கிறது. அந்த மனிதனாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டன், டிம் பர்ட்டனின் 2001 மறுஆக்கத்தில் சாகக் கிடக்கும் முதிய குரங்காக வந்து, மனிதரின் கொடுமைக்குச் சான்றாக ஒரு துப்பாக்கியைத் தன் மகனிடம் காட்டுகிறார். அப்போது அவர் அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் தலைவர். மற்றபடி அந்த மறுஆக்கத்தில் நினைவில் நிற்கும் அரசியல் குறைவு.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' (2005) செப்டம்பர் 11 தாக்குதலின் படிமங்களை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டது: உடலெங்கும் சாம்பல் படிந்து வீடு திரும்பும் தந்தை, சுவர் நிறையக் காணாமல் போனோரின் புகைப்படங்கள், இது தீவிரவாதிகளின் வேலையா என்று கேட்கும் சிறுமி. அதே படத்தில் மூத்த மகனுக்குப் பள்ளியில் கொடுத்திருக்கும் கட்டுரைத் தலைப்பு, அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆக்கிரமிப்பு. ஈராக்கில் அமெரிக்கப் படைகள் நின்றிருந்த ஆண்டில், வேற்றுக்கிரகவாசிகளின் இடத்தில் யாரை வைத்துப் பார்ப்பது என்ற முடிவைப் படம் பார்வையாளரிடமே விடுகிறது. இதில் ஸ்பீல்பெர்க் மூலத்துக்கு உண்மையானவர். ஹெச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட நாவலின் தொடக்கத்திலேயே, ஐரோப்பியர் டாஸ்மேனியப் பழங்குடிகளுக்குச் செய்த அழிவை நினைவூட்டிவிட்டுத்தான் செவ்வாய்வாசிகளைக் குறை சொல்லப் போகிறார்.

ஃபின்னியின் நாவலுக்கும் ஒரு முடிவு உண்டு. டாக்டரும் அவர் காதலியும் நெற்றுகள் விளையும் வயலுக்குத் தீ வைக்கிறார்கள். விட்டுக்கொடுக்காத மனிதர்களோடு இந்தக் கிரகத்தில் வாழ முடியாது என்று உணர்ந்து, மிஞ்சிய நெற்றுகள் கூட்டமாக வானில் ஏறிப் போய்விடுகின்றன. 1956 முதல் 2007 வரை அந்த நாவலைப் படமாக்கிய 4 இயக்குநர்களில் ஒருவரும் அந்த முடிவை எடுத்துக்கொள்ளவில்லை.