கொரோனாவும் நம்ம ஊர் பனியனும்: ஒரு லண்டன் ஆர்டரின் கதை

திருமுருகன்பூண்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோயிலும் கல் சிற்பமும்தான் ஞாபகம் வரும். ஆனால் இங்கே பனியன் கம்பெனிகளும் நிறைய. திருப்பூர் வட்டாரத்தில் தைக்கும் டி-ஷர்ட் போய்ச் சேரும் முக்கியமான நாடுகளில் ஒன்று பிரிட்டன். 2020-ல் கொரோனா வந்தபோது இந்த வியாபார உறவு என்ன பாடுபட்டது என்று பார்ப்போம்.

முதல் அடி சீனாவிலிருந்து வந்தது. ஜிப், பட்டன், சாயப் பொருட்கள் என்று பலவும் அங்கிருந்து வருபவை, பிப்ரவரியிலேயே தாமதம். அப்போதும் "சீனா ஆர்டர் எல்லாம் இனி நமக்குத்தான்" என்று சிலர் கணக்குப் போட்டார்கள் :-)

மார்ச் 22-க்குள் ப்ரைமார்க் தன் எல்லாக் கடைகளையும் மூடிவிட்டது. அதற்கு அப்போது ஆன்லைன் விற்பனையே கிடையாது. மாதம் 65 கோடி பவுண்டு விற்பனை ஒரேயடியாகப் பூஜ்யம்! புது ஆர்டர்களை நிறுத்தியது. கண்டனம் எழுந்த பிறகு, ஏப்ரலில், முடிந்த சரக்குக்கும் தைத்துக்கொண்டிருந்த சரக்குக்கும் பணம் தருவதாக அறிவித்தது. இங்கே மார்ச் 25 முதல் ஊரடங்கு. வாங்குகிறவர் கடையும் பூட்டு, தைக்கிறவர் கம்பெனியும் பூட்டு.

இதில் நான் முக்கியமாக நினைப்பது பணம் கைமாறும் முறையை. பல ஆர்டர்களில் சரக்கு கப்பலேறி 60, 90 நாள் கழித்துத்தான் பணம் வரும். ஆனால் நூல், நிட்டிங், சாயப்பட்டறை, பவர் டேபிள் கூலி எல்லாம் அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். அதாவது லண்டன் கடைக்காரருக்குக் கடன் கொடுத்தது நம்ம ஊர்க்காரர்! பையர் ரத்து செய்தால் பிராண்ட் லேபிள் தைத்த சரக்கை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. 2020 ஏப்ரலில் டெபன்ஹாம்ஸ், நவம்பரில் டாப்ஷாப்பின் தாய் நிறுவனமான ஆர்கேடியா என்று பெரிய கடைகள் நொடித்தன. அப்படிப்பட்ட இடத்தில் சரக்கு அனுப்பியவர் கடன்காரர் வரிசையில் கிட்டத்தட்ட கடைசி ஆள்.

ஆனாலும் உறவு முறியவில்லை. மாஸ்க், பாதுகாப்பு உடை தைத்துச் சில கம்பெனிகள் தாக்குப்பிடித்தன. 2019-20-ல் சுமார் 27 ஆயிரம் கோடி ரூபாயாக இருந்த திருப்பூர் ஏற்றுமதி, அடுத்த வருடம் 25 ஆயிரம் கோடியை ஒட்டி இறங்கி, 2021-22-ல் 33 ஆயிரம் கோடியைத் தாண்டியது. இந்தத் தொகையைப் பார்த்து ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம். 2021 நவம்பரில் நூல் விலை கிலோவுக்கு ஒரேயடியாக 50 ரூபாய் ஏறியது. பையரிடம் ஏற்கெனவே பேசிய ரேட்டை மாற்றுவது லேசல்ல. அந்த 33 ஆயிரத்தில் எவ்வளவு கூடுதல் பீஸ், எவ்வளவு வெறும் விலையேற்றம் என்று பிரித்துப் பார்த்தால்தான் லாபம் யாருக்கு என்று தெரியும்.