இரகசிய வருகையா, பகிரங்க வருகையா? – ஒரு பழைய சண்டையின் கதை

போன வாரம் அடையாறு சிக்னலில் பஸ் நின்றபோது, முன்னால் இருந்த ஆட்டோவின் முதுகில் 'இயேசு சீக்கிரம் வருகிறார்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன், "தேதியும் போட்டிருந்தா நான் அரியர் எழுதாமலே விட்டிருப்பேன்டா" என்றான். சிரித்துவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் இது முழுக்க ஜோக் இல்லை.

என் சித்தப்பா 1990-களின் கடைசியில், 2000-க்குள் வருகை நடந்துவிடும் என்று ஒரு கூட்டத்தில் பேசியதை நம்பி, இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டுவதை நிறுத்திவிட்டார். பாலிசி லேப்ஸ் ஆனது. 2000 வந்தது, 2001-ம் வந்தது. நான் பிறந்தது அதற்கும் பிறகு. அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். இந்த 'எப்போது' என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். பி.காம். மாணவனுக்கு இது சம்பந்தமில்லாத பாடம்தான், இருந்தாலும் படிக்கப் படிக்க சுவாரசியமாக இருந்தது. கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சண்டை எதைப் பற்றி என்று பார்த்துவிடுவோம்.

கிறிஸ்து திரும்ப வருவார், மரித்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்பதில் சபைகளுக்குள் தகராறு இல்லை. எப்போது, எத்தனை கட்டமாக என்பதில்தான் தகராறு. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 4-ம் அதிகாரத்தில், முதலில் மரித்தவர்கள் எழுவார்கள், பிறகு உயிரோடிருக்கும் விசுவாசிகள் ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று வருகிறது. உலகத்துக்கு ஏழு வருட உபத்திரவ காலம் உண்டு, அப்போது அந்திக்கிறிஸ்து ஆளுவான் என்று நம்புகிறவர்கள், இந்த எடுத்துக்கொள்ளப்படுதல் அதற்கு முன்பா பின்பா என்று கேட்கிறார்கள்.

'முன்பு' என்பவர்கள் வருகையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலில் சபைக்காக மட்டும் இரகசிய வருகை. ஏழு வருடம் கழித்து உலகமே பார்க்கும் பகிரங்க வருகை. தேவகோபம் விசுவாசிகளுக்கு இல்லை என்பது இவர்கள் வாதம். 'பின்பு' என்பவர்கள் வருகை ஒன்றே ஒன்றுதான் என்கிறார்கள். மத்தேயு 24-ல் உபத்திரவத்துக்குப் பிறகுதானே கூட்டிச்சேர்ப்பது வருகிறது என்று காட்டுகிறார்கள். இன்னொரு நல்ல கேள்வியும் கேட்கிறார்கள். வெளிப்படுத்தல் 20-ல் 'முதலாம் உயிர்த்தெழுதல்' என்று சொல்லும் இடத்தில், மிருகத்தை வணங்காததால் கொல்லப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உபத்திரவ காலத்தில் செத்தவர்கள். அது முதலாவது என்றால், அதற்கு ஏழு வருடம் முன்னால் இன்னொரு உயிர்த்தெழுதல் எப்படி நடக்கும்? முதலாம் உயிர்த்தெழுதலே பல கட்டமாக நடக்கும் என்பது எதிர்த்தரப்பின் பதில். நடுவில், மூன்றரை வருடத்தில் என்று சொல்லும் மூன்றாவது கட்சியும் உண்டு!

இந்த இரகசிய வருகைப் போதனையை 1830-களில் ஒழுங்குபடுத்திப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து, பிறகு பிரதரன் இயக்கத்தின் பெரிய தலைவர் ஆனவர். அதே இயக்கத்தில் பிளிமத் நகரில் இருந்த பெஞ்சமின் நியூட்டன் இதை ஏற்கவில்லை. சபை உபத்திரவத்தைக் கடந்துதான் போகவேண்டும் என்றார். இந்தக் கருத்து வேறுபாடும் சபை நிர்வாகச் சண்டையும் சேர்ந்து 1845-ல் பிளிமத் சபை உடைந்தது. 1848-ல் இயக்கமே இரண்டாகிவிட்டது. வருகைக்காக ஒன்றாகக் காத்திருக்கக் கூடினவர்கள் ஒரே மேசையில் அப்பம் பிட்க முடியாமல் போனார்கள்.

இங்கிலாந்துச் சண்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அதே பிரதரன் வட்டத்தைச் சேர்ந்த ஒருவர் நம்மூருக்கு வந்தார். பெயர் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ். எக்சிட்டரில் பல் டாக்டர். நன்றாக ஓடின தொழிலை விட்டுவிட்டு 1829-ல் பாக்தாத் போனார். அங்கே 1831-ல் பிளேக் நோயில் மனைவியை இழந்தார். 1833-ல் இந்தியா வந்தார். சென்னையிலும் சித்தூரிலும் ஊழியம் செய்தார். கிறிஸ்து சீக்கிரம் வருகிறார் என்று நம்பியதால்தான் சொத்து சேர்க்க வேண்டாம், சம்பளம் வாங்க வேண்டாம் என்று வாழ்ந்தார்.

இவரோடு சேர்ந்த தமிழர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867). திருநெல்வேலிச் சீமைக்காரர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். மிஷனில் சம்பள வேலை பார்க்காமல், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை என்ற கிராமத்தை உருவாக்கினார். அங்கே உழைத்துச் சாப்பிட்டு, உள்ளூர்க்காரர்களே சபையை நடத்தினார்கள். வெள்ளைக்கார மிஷனரி இல்லாமல் தமிழர் சபை நடக்காது என்று பலர் நினைத்த காலம் அது. 1860-ல் அங்கே பெரிய எழுப்புதல் வந்தது. ஆண்களும் பெண்களும் நடுங்கினார்கள், அழுதார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். சில மிஷனரிகள் சந்தோஷப்பட்டார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். அந்த அலை மலையைத் தாண்டி 1870-களில் திருவிதாங்கூரில் அடித்தது.

அங்கேதான் தேதி வந்தது.

ராமய்யன் என்ற பாலக்காட்டுத் தமிழ் பிராமணர் 1861-ல் மாவேலிக்கரையில் சி.எம்.எஸ். மிஷனரி ஜோசப் பீட் கையால் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று ஜஸ்டஸ் ஜோசப் ஆனார். பிறகு குருப்பட்டமும் பெற்றார். பெரிய படிப்பாளி என்பதால் ஜனங்கள் 'வித்வான் குட்டி' என்று கூப்பிட்டார்கள். எழுப்புதலில் இவரும் முன்னால் நின்றார். 1875-ல், இன்னும் ஆறு வருடத்தில், அதாவது 1881-ல், கிறிஸ்து வருவார் என்று தீர்க்கதரிசனம் கிளம்பியது. சி.எம்.எஸ். அவரை நீக்கியது. கருநாகப்பள்ளி பக்கம் கன்னேற்றியில் தனி சபை உண்டானது. அவருக்குப் பின்னால் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

1881 வந்தது. போனது.

அந்தச் சபை யூயோமயம் என்ற பெயரில் தனி வழியாகிவிட்டது. ஜஸ்டஸ் ஜோசப் 1887-ல் காலமானார். அவர் எழுதிய மலையாளப் பாடல்களைக் கேரள சபைகளில் இன்றும் பாடுகிறார்கள். தேதி பொய்த்தது, பாட்டு நிற்கிறது. அமெரிக்காவிலும் வில்லியம் மில்லரின் கூட்டம் 1844 அக்டோபர் 22-க்குக் காத்திருந்து ஏமாந்தது. 2011-ல் ஹெரால்ட் கேம்பிங் மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்று மாற்றினார். அதுவும் போனது.

டார்பியின் போதனை 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு விளக்க பைபிள் வழியாக உலகமெங்கும் பரவியது. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் அதை எடுத்துக்கொண்டன. 1924-ல் இலங்கையில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் அவற்றில் ஒன்று. தாம்பரம் இரும்புலியூரில் அவர்களுக்குப் பெரிய மையம் இருக்கிறது. நம்மூர் ஆட்டோ வாசகத்துக்குப் பின்னால் இவ்வளவு கதை!

எந்தக் கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒன்று தோன்றுகிறது. குரோவ்ஸும் அருளப்பனும் 'சீக்கிரம்' என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையால் காசு ஆசையை விட்டார்கள், ஒரு கிராமத்தைக் கட்டினார்கள். எந்த நாள் என்று தெரியாததால் நாளைக்கும் வேலை மிச்சம் இருந்தது. தேதி தெரிந்துவிட்டதாக நினைத்தவர்களுக்கோ அந்தத் தேதிக்கு அப்புறம் செய்ய எதுவும் இல்லை. மறுநாள் விடிந்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. நஷ்டம் எப்போதும் கேட்டவர்களுக்குத்தான், சொன்னவர் அடுத்த தேதிக்குப் போய்விடுவார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். கோபப்படவில்லை. "வருவார்டா. அது உண்மை. தேதி சொன்னதுதான் தப்பு" என்றார். இப்போதும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறார். புது பாலிசியும் எடுத்திருக்கிறார். வயது கூடிவிட்டதால் பிரீமியம்தான் ரொம்ப அதிகம்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கதை இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். சண்டை வேண்டாம் :-)